பேக்கார்டைக் கொன்றது 1935ஆம் ஆண்டுக் கார் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்காவின் பேக்கார்டு கார் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. மேட்டூர் அணைத் திறப்பு, கொள்முதல் நிலையம், பயிர்க் காப்பீடு என்று டெல்டா பதிப்பில் எழுத எவ்வளவோ இருக்கும்போது ஒரு பழைய காருக்கு அவ்வளவு இடம் கொடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் கட்டுரை போய் முடிந்த இடம் சரியில்லை. பணக்காரர்களுக்கு மட்டுமே கார் செய்துகொண்டிருந்த கம்பெனி 1935ல் நடுத்தரக் குடும்பங்களுக்கு என்று விலை குறைந்த ஒரு காரை இறக்கியது, அன்றைக்கே அதன் மரியாதை போய்விட்டது, அதனால்தான் அழிந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதோடு நிற்காமல், நம்மூர் வியாபாரிகளும் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கி விற்கக் கூடாது என்று புத்திமதி வேறு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மன்னார்குடியில் கார் பட்டறை வைத்திருந்தவன். தொழில் கற்றது கும்பகோணத்தில், ஒரு மேஸ்திரியிடம் எடுபிடிப் பையனாக. நீடாமங்கலம் பக்கத்து மிராசுதார் ஒருவர் வீட்டிலிருந்து 1937 மாடல் பேக்கார்டு 120 ஒன்று அந்தப் பட்டறைக்கு வரும். கட்டுரையாளர் "மலிவுக் கார்" என்று தள்ளிவிட்டாரே, அதே வண்டிதான். அதன் போனட் இன்றைய கார்களைப் போல முன்பக்கமிருந்து திறக்காது. நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தூக்க வேண்டும். தூக்கினால் உள்ளே எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நீளமாகப் படுத்திருக்கும், 4.6 லிட்டர் எஞ்சின். மேஸ்திரி அதை ஸ்டார்ட் பண்ணிவிட்டு எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்வார், ஏனென்றால் பட்டறைச் சத்தத்தில் எஞ்சின் ஓடுவதே காதில் விழாது. எனக்கு பேக்கார்டு என்றால் என்ன என்று தெரிந்தது அந்த வண்டியால்தான், அப்புறம் கிடைத்ததை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் வாதம் புரியும். ஒஹாயோ மாநிலத்தில் வாரன் என்று ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு, வில்லியம் டவுடு பேக்கார்டு என்று அண்ணன் தம்பி இருவர், 1890லிருந்தே மின்விளக்கு, மின்கம்பி எல்லாம் செய்யும் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் 1898ல் கிளீவ்லாந்தில் வின்டன் என்ற கம்பெனியின் கார் ஒன்றை வாங்கினார். அது அடிக்கடி மக்கர் பண்ண, கம்பெனி முதலாளி வின்டனிடமே போய் இன்னின்ன குறை என்று சொல்ல, "அவ்வளவு தெரிந்தால் நீயே ஒன்று செய்து காட்டேன்" என்கிற மாதிரி அவர் பதில் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம், ஆனால் 1899 நவம்பர் 6ஆம் தேதி முதல் பேக்கார்டு கார் வாரன் ஊர்த் தெருவில் ஓடியது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் பிடித்த விளம்பர வாசகம் கடைசிவரை மாறவே இல்லை. "வைத்திருப்பவரைக் கேளுங்கள்" என்பதுதான் அது. நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், ஓட்டுகிற ஆளைப் போய்க் கேட்டுக்கொள் என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹென்றி ஜாய் என்ற பணக்காரர் அந்த வண்டியைப் பார்த்து மயங்கி, தன் நண்பர்களோடு சேர்ந்து பணம் போட்டு, 1903ல் கம்பெனியையே டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார். ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் அங்கே தொழிற்சாலை கட்டினார். அதில் பத்தாம் எண் கட்டடம், 1905ல் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டில் எழுப்பியது, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே ஒரு புது வழியைக் காட்டியது. நடுவில் மரத் தூண்களின் நெரிசல் கிடையாது, சுவருக்குச் சுவர் ஜன்னல், உள்ளே நல்ல வெளிச்சம். பட்டறை நடத்தினவனுக்குத் தெரியும், வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்று.

1915ல் 12 சிலிண்டர் எஞ்சினைத் தொழிற்சாலை உற்பத்தியாகவே கொண்டுவந்தார்கள், ட்வின் சிக்ஸ் என்று பெயர். 1921ல் வாரன் ஹார்டிங் பதவியேற்கப் போனது அந்த வண்டியில்தான், அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் பதவியேற்புக்குக் காரில் போனது அதுவே முதல் தடவை. முதல் உலகப் போரில் லிபர்ட்டி விமான எஞ்சினை வரைந்த இருவரில் ஒருவர் ஜெஸ்ஸி வின்சென்ட், பேக்கார்டின் தலைமைப் பொறியாளர். 1920களில் சொகுசுக் கார் விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் இதற்குப் பின்னால்தான் நின்றது. பேக்கார்டு என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள ரேடியேட்டரின் மேல் விளிம்பைப் பார்த்தால் போதும், இரண்டு தோளும் வளைந்து இறங்கும். அமெரிக்காக்காரர்களே அதை மாட்டு நுகத்தடி வடிவம் என்றுதான் சொல்வார்கள். சக்கர மூடியின் நடுவில் சிவப்பு அறுகோணம் ஒன்று இருக்கும். 1904 வாக்கில் வந்த அந்த நுகத்தடி வளைவை, வண்டியின் மற்ற உருவம் எல்லாம் மாறினபோதும் அவர்கள் விடவில்லை.

சரி, 1929க்கு வருவோம். அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது, பணக்காரர்கள் பலர் பணக்காரர்களாகவே இல்லை, பணம் மிச்சம் இருந்தவர்களும் தெருவில் பட்டினிக் கூட்டம் நிற்கும்போது பெரிய காரில் போக வெட்கப்பட்டார்கள். அப்போது இருந்த உயர்ரகக் கம்பெனிகளின் கதியை உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும், அங்கேதான் அவர் வாதம் உடைகிறது. பியர்லெஸ் 1931ல் கார் செய்வதையே நிறுத்திவிட்டு அப்புறம் பீர் காய்ச்சப் போனது. மார்மன் 1933ல் முடிந்தது. ஃபிராங்க்ளின் 1934ல். டியூசன்பெர்க் 1937ல், அதோடு ஆபர்ன், கார்டு எல்லாமே போயின. பியர்ஸ்-ஏரோ கடைசிவரை தன் தரத்திலிருந்து கீழே இறங்க மாட்டேன் என்று நின்றது, விலை குறைந்த கார் எதையும் செய்யவில்லை, 1938ல் ஏலத்துக்கு வந்தது. மரியாதையைக் காப்பாற்றிக்கொண்ட கம்பெனிகளின் பட்டியல் இதுதான். கேடிலாக் பிழைத்தது என்றால் அதன் பின்னால் அதே ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே விற்ற காசு இருந்தது. லிங்கன் பிழைத்தது என்றால் பின்னால் ஃபோர்டு இருந்தது. பேக்கார்டுக்குப் பின்னால் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் தலைவராக இருந்த ஆல்வன் மெக்காலே அந்த முடிவை எடுத்தார். ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து உற்பத்தி தெரிந்த ஆட்களைக் கூட்டிவந்து, பெரிய கார்களின் பக்கம் கை வைக்காமல் தனி வரிசை போட்டு, 1935 தொடக்கத்தில் 120 என்ற மாடலை இறக்கினார்கள். 1,000 டாலருக்குக் கொஞ்சம் கீழேயே விலை தொடங்கியது. முதல் வருடமே 25 ஆயிரத்தை ஒட்டிப் போனது, அதற்கு முந்தின வருடம் கம்பெனி மொத்தமாகவே பத்தாயிரம் கார் செய்யவில்லை. 1937ல் ஆறு சிலிண்டர் மாடல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு 1 லட்சத்தைத் தாண்டினார்கள். 120 வராமல் இருந்திருந்தால் கட்டுரையாளர் பேக்கார்டின் வீழ்ச்சியை 1936, 37 என்று தேதி போட்டு எழுதியிருப்பார்.

விற்றது மட்டும் இல்லை. வண்டி எப்படிப்பட்ட வண்டி என்று பார்க்க வேண்டாமா? 120ல் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், நடுவில் ஒரே அச்சு கிடையாது. பிரேக் ஹைட்ராலிக், நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் வழியாகவே அழுத்தம் போகும். அதே 1935ல் பல மடங்கு விலை கொடுத்து ஒருவர் பெரிய பேக்கார்டு வாங்கியிருந்தால் அவருக்குக் கிடைத்தது முன்பக்கம் முழு அச்சும், இழுத்துப் பிடிக்கிற பழைய பிரேக்கும்தான். பெரிய கார்களுக்கு இந்த இரண்டும் 1937ல்தான் வந்தது. மட்டமாகச் செய்து பேரைக் கெடுத்தார்கள் என்றால், இதற்கு என்ன பதில்?

டெல்டா சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மைலுக்கு ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகு, மதகு மேலே சாலை முதுகு தூக்கி இறங்கும், அதுவும் வண்டித்தடம் ஒரு பக்கம் பள்ளமாக. மிராசுதார் வீட்டு டிரைவர் அண்ணன் எங்களிடம் சொல்வார், "ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா இன்னொரு சக்கரத்துக்குத் தெரியாதுடா தம்பி, பெரியம்மா பின் சீட்ல வெத்தலை மடிச்சுக்கிட்டே வருவாங்க" என்று. முன்சக்கரங்கள் தனித்தனியாக வேலை செய்வதைப் புத்தகத்தில் படம் போட்டு விளக்குவதை விட எனக்கு அந்தப் பேச்சில்தான் நன்றாகப் புரிந்தது. நான் இந்தப் பக்கம் பார்த்த பழைய பேக்கார்டுகள் எல்லாம் 120தான். 12 சிலிண்டர் வண்டி மகாராஜாக்கள் வீட்டு வண்டி, தஞ்சாவூர் ஜில்லா மிராசுதாருக்கு எட்டியது இதுதான்.

கட்டுரையாளர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலை குறைந்த காருக்குக் கேடிலாக் தன் பெயரை வைக்காமல் லாசால் என்று தனிப் பெயர் வைத்தது, பேக்கார்டு அப்படிச் செய்யாமல் தன் பெயரையே கொடுத்துவிட்டது, அதனால் பேக்கார்டு வைத்திருப்பது பெரிய விஷயமாக இல்லாமல் போனது என்று அமெரிக்காவிலேயே நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் அதே கேடிலாக் 1936ல் சீரிஸ் 60 என்று தன் சொந்தப் பெயரிலேயே விலையைக் குறைத்துக் கார் விட்டது, 1940க்கு அப்புறம் லாசால் பெயரையே தூக்கிவிட்டது, 16 சிலிண்டர் வண்டியையும் அதே வருடத்தோடு நிறுத்தியது. கீழே இறங்கிய கேடிலாக் போருக்குப் பின் உச்சிக்குப் போனது. அப்படியென்றால் இறங்கினது நோய் இல்லை. வேறு என்னவோதான் நோய்.

அந்த 1935க்கும் முடிவுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது, கட்டுரையில் அது இரண்டு வரியில் ஓடிவிட்டது. அந்த இருபது வருடத்தில் பேக்கார்டு செய்ததைக் கொஞ்சம் பாருங்கள். கம்பெனியிலேயே ஏசி பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் 1940 மாடல் பேக்கார்டு. குளிரூட்டும் பெட்டி டிக்கியில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதை நிறுத்த உள்ளே சுவிட்ச் கிடையாது, ஏசி வேண்டாம் என்றால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, போனட்டைத் திறந்து கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வாங்கினவர்கள் குறைவு. ஆனாலும் யோசித்தார்களே, செய்தார்களே!

போர் வந்தது. பிரிட்டிஷாரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்ய ஆள் தேடியபோது ஹென்றி ஃபோர்டு மாட்டேன் என்றார், பேக்கார்டு எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் வரைபடங்களை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய அளவில் செய்ய முடியாது, அங்கே தேர்ந்த ஆட்கள் ஒவ்வொரு உறுப்பையும் கையால் ராவிப் பொருத்துகிற பழக்கம். பேக்கார்டு ஆட்கள் வரைபடங்களை அமெரிக்க முறைக்கு மறுபடி வரைந்து, எந்த உறுப்பும் எந்த எஞ்சினிலும் உட்காருகிற மாதிரி செய்தார்கள். 55 ஆயிரத்துக்கு மேல் மெர்லின் எஞ்சின் அந்த டெட்ராய்ட் கட்டடங்களிலிருந்து போனது. மஸ்டாங் போர் விமானத்துக்குப் பேர் வாங்கித் தந்த எஞ்சின் அது. அமெரிக்கக் கடற்படையின் வேகப் படகுகளுக்கும் எஞ்சின் கொடுத்தது பேக்கார்டுதான். தரம் கெட்டுப்போன கம்பெனிக்கு இந்த வேலையை யார் கொடுப்பார்கள்?

நான் நினைக்கிற காரணம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. போர் முடிந்தபோது கையில் பணம் இருந்தது, கடன் இல்லை. ஆனால் உச்சியில் நிற்கிற பெரிய காரைப் புதுசாக யோசிக்க ஆளில்லை. 1941ல் கிளிப்பர் என்று அழகான ஒரு உருவம் கொண்டுவந்திருந்தார்கள். அதன் மேலேயே தகட்டைப் பருமனாக்கி 1948ல் விட்டார்கள், பார்த்த ஜனங்கள் கர்ப்பிணி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேடிலாக் 1948ல் வால் இறக்கை வைத்தது, 1949ல் மேலே வால்வு வைத்து, எட்டு சிலிண்டரை V வடிவில் இரண்டு வரிசையாக அடுக்கிய புது வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. பேக்கார்டு வரிசை எட்டு சிலிண்டரையே 1954 வரை இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பழைய எஞ்சின் கடைசியில் ஒன்பது மெயின் பேரிங்கோடு வெண்ணெய் மாதிரி ஓடும் என்பது உண்மைதான், ஆனாலும் ஷோரூமுக்கு வருகிற ஆளுக்கு வி-8 வேண்டும். வெளி உதவி இல்லாமல் சொந்தமாகவே அல்ட்ராமேட்டிக் என்று ஆட்டோமேட்டிக் கியரை 1949ல் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற பெரிய மூன்று கம்பெனியையும் சேராத ஒருவர் அதைத் தனியாகச் செய்தது பெரிய காரியம். அந்தக் காசையும் மூளையையும் எஞ்சினுக்குச் செலவழித்திருக்கலாமே என்று எனக்கு இப்போதும் ஆதங்கம்.

அதைவிடப் பெரிய தவறு பாடி விஷயத்தில். தங்கள் கார்களுக்கான பாடியைத் தாங்களே செய்துகொண்டிருந்தவர்கள், 1940ஐ ஒட்டி அந்த வேலையை பிரிக்ஸ் என்ற வெளிக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். நம்மூரில் சேஸிஸை வாங்கி கரூருக்கு அனுப்பி பஸ் பாடி கட்டிக்கொள்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் முதலாளிக்குக் கரூரில் ஒரு இடம் இல்லையென்றால் இன்னொரு இடம் உண்டு. பேக்கார்டுக்கு இருந்தது ஒரே ஒரு பிரிக்ஸ். அதன் முதலாளி வால்டர் பிரிக்ஸ் 1952ல் இறந்தார், வாரிசுகள் 1953 கடைசியில் கம்பெனியை கிரைஸ்லருக்கு விற்றுவிட்டார்கள். போட்டிக்காரனின் கையில் போய்ச் சேர்ந்தது பேக்கார்டின் பாடி. இனி உங்களுக்குக் கட்டித்தர முடியாது என்றான பிறகு, ஒரு வருடத்துக்குள் தாங்களே பாடி செய்தாக வேண்டிய நெருக்கடி.

அப்போது தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் நான்ஸ். 1952ல் ஹாட்பாயின்ட் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி கம்பெனியிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர், உழைப்பாளி. ஆனால் 35 லட்சம் சதுர அடிக்கு வளர்ந்து நின்ற தன் சொந்தத் தொழிற்சாலையை விட்டுவிட்டு, கானர் அவென்யூவில் கிரைஸ்லரிடமே ஒரு சின்னக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, பாடி செய்வது, வண்டி கோர்ப்பது எல்லாவற்றையும் அதற்குள் திணித்தார். ஒரே தளம், சிக்கனம் என்று கணக்கு. என் பட்டறையில் இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் மூன்றாவதை விட்டாலே வேலை கெட்டுவிடும். அங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே வருடம், 1954 அக்டோபரில், ஸ்டூடிபேக்கரை வாங்கினார்கள். 1852லேயே இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊரில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய பழைய கம்பெனி அது. நாஷ், ஹட்சன், ஸ்டூடிபேக்கர், பேக்கார்டு நாலும் ஒன்றாகிப் பெரிய கம்பெனிகளை எதிர்க்க வேண்டும் என்பது நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசனின் கனவு, அவரும் அதே அக்டோபரில் இறந்துபோனார். கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் பார்க்காமல் வாங்கிவிட்டார்கள் என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது. நஷ்டம் இல்லாமல் நடக்கவே ஸ்டூடிபேக்கர் விற்க வேண்டிய கார்களின் எண்ணிக்கை, பேக்கார்டுக்குச் சொல்லப்பட்டதைவிட எவ்வளவோ அதிகம். பேக்கார்டு சேர்த்து வைத்த காசு சவுத் பெண்டுக்கு ஓடியது. இது போதாதென்று ராணுவம் கொடுத்திருந்த ஜெட் எஞ்சின் வேலையும் கைவிட்டுப் போனது.

இவ்வளவு கஷ்டத்தின் நடுவிலும் 1955 மாடலை எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகும். ஒருவழியாக வி-8 வந்தது. அதைவிடப் பெரிசு டார்ஷன் லெவல் என்ற சஸ்பென்ஷன். பில் அலிசன் என்ற பொறியாளரின் வேலை. வழக்கமான ஸ்பிரிங் இல்லை, பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புத் தண்டு, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த முறுக்கு பின்பக்கத்துக்குப் போய் வண்டி மட்டமாகவே நிற்கும். பின் சீட்டில் நாலு பேர் ஏறி, டிக்கியில் மூட்டை ஏற்றினாலும் பரவாயில்லை, ஏழு விநாடி பொறுத்து ஒரு சின்ன மின் மோட்டார் தானாக ஓடி வண்டியைச் சமப்படுத்திவிடும். சாலைக் குலுக்கலுக்கெல்லாம் அந்த மோட்டார் ஓடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏழு விநாடி. அடடா, என்ன யோசனை! நம் மதகுச் சாலையில் அது ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் நெரிசலான அந்தக் கட்டடத்தில் அவசரமாகக் கோர்த்த வண்டிகள். கதவு சரியாக உட்காரவில்லை, பெயிண்ட் சரியில்லை, உதிரி வராமல் வண்டிகள் காத்துக் கிடந்தன. வி-8ல் ஆயில் பம்பிலேயே வேக்வம் பம்பையும் சேர்த்து வைத்ததில் ஆயிலில் காற்று கலந்து டாப்பெட் சத்தம் போட்டது. புது ஆட்டோமேட்டிக் கியர் தகராறு பண்ணியது. அடுத்த வருடம் பின் அச்சிலும் குறை வந்து வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. வைத்திருப்பவரைக் கேளுங்கள் என்று அரை நூற்றாண்டாகச் சொன்ன கம்பெனி, இப்போது ஜனங்கள் நிஜமாகவே வைத்திருப்பவரைப் போய்க் கேட்டார்கள், அவரும் உள்ளதைச் சொன்னார். பேர் போனது இங்கேதான், 1935ல் அல்ல. 1935ஆம் வருட 120ஐ வைத்திருந்தவரைக் கேட்டிருந்தால் அவர் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்க வைத்திருப்பார்.

1957க்குப் புதிய மாடல்கள் வரைபடத்தில் தயாராக இருந்தன. கடன் தரக் காப்பீட்டுக் கம்பெனிகள் மறுத்துவிட்டன. 1956 ஜூன் 25ஆம் தேதி டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்டு வெளியே வந்தது. நான்ஸ் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். அடுத்த இரண்டு வருடம் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் பாடியில் பேக்கார்டு பெயரை ஒட்டி விற்றார்கள். 1957ல் ஐயாயிரம்கூடப் போகவில்லை, 1958ல் மூவாயிரம்கூட இல்லை. இன்னொன்று கேளுங்கள், அந்தச் சமயத்தில் அதே ஸ்டூடிபேக்கர்-பேக்கார்டு கம்பெனிதான் அமெரிக்காவில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களை விற்கும் உரிமையை எடுத்து நடத்தியது. தன் பெயருக்கு ஒரு சொந்த வண்டி இல்லாமல் ஜெர்மன்காரர்களின் வண்டியை விற்றார்கள். 1962ல் கம்பெனிப் பெயரிலிருந்தே பேக்கார்டு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் பேக்கார்டு மறைந்ததற்கும் டெட்ராய்ட்டில் மறைந்ததற்கும் சம்பந்தம் அதிகம் இல்லை, கட்டுரையில் அதையும் கலந்துவிட்டார்கள். 1953ல் இந்திய அரசு, இங்கேயே கார் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே கோர்த்து விற்க முடியாது என்று கொள்கை வைத்தது, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954ல் கிளம்பின. புது அமெரிக்க வண்டி வருவது அதோடு சுருங்கிப்போனது. அப்புறம் 1961ல் நில உச்சவரம்புச் சட்டம், 1970ல் அதை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது, 1973ல் பெட்ரோல் விலை. நான் கைவைத்த அந்த 120க்கு ஹெட் கேஸ்கட் கிடைக்காமல் செம்புத் தகட்டை வெட்டி மேஸ்திரி கையாலேயே செய்து போட்டார், அதுவும் கசியாமல் ஓடியது. பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் அதை மெட்ராஸ் பார்ட்டி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, அந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு போக நெல் போதாது.

ஆகவே, எல்லோரும் வாங்குகிற விலையில் நல்ல பொருளைச் செய்தது குற்றம் என்று இளம் வியாபாரிகளுக்கு உங்கள் பத்திரிகை சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மெக்காலே செய்தது நல்ல காரியம். அந்த வண்டியால்தான் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பஞ்ச காலத்திலும் சம்பளம் வாங்கினார்கள், கம்பெனி போர்க்காலம் வரைக்கும் உயிரோடு இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் அந்தக் காலத்து பேக்கார்டு, பியூக், டாட்ஜ் எல்லாம் ஓட்டின டிரைவர்கள், கிளீனர்கள் வெகுசிலர்தான் இன்னும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நிருபர் ஒருவரை அனுப்பி அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள், வண்டி நம்பர், எந்த வருடம், எங்கே ரிப்பேர் பார்த்தார்கள் என்பது உட்பட. அது அமெரிக்காவில் எழுதுகிற புத்தகத்தில் வராது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் இரண்டாவது படத்துக்குக் கீழே "கடைசி பேக்கார்டு, 1958" என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது ஸ்டூடிபேக்கர் பாடி. பேக்கார்டு தானே செய்த கடைசிக் கார் 1956 ஜூன் 25ஆம் தேதி வெளிவந்தது. இடிந்து கிடக்கிற தொழிற்சாலைப் படத்தை "இன்றைய நிலை" என்று போட்டதும் பழைய செய்தி, 2022லேயே அதை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இந்த இரண்டையும் சரிசெய்து ஒரு சின்னக் கட்டமாகப் போட்டால் நன்றியாக இருக்கும்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகர்